பின்வரிசையில் உட்காரப் பழகுதல்

கேள்வி:

வணக்கம் மிஸ். தெஹிவளைப் பக்கம் ஒரு சிறிய வால்டோர்ஃப் (ருடோல்ப் ஸ்டைனரின் கல்வி முறை) பள்ளியில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். பாலர் வகுப்பாகத் தொடங்கி இப்போது ஐந்தாம் வகுப்பு வரை வந்திருக்கிறோம். பதினைந்து வருடத்துக்கு மேல் அனுபவமுள்ள டீச்சர்மார் இரண்டு பேர் இருக்கிறார்கள். புதிதாக வந்த நான்கு பேரை அவர்களிடம் பிரித்துக் கொடுத்து, "இனி நீங்கள்தான் இவர்களுக்கு மென்டர்" என்று சொல்லிவிட்டோம். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. நால்வரில் ஒருவர் முதல் தவணையோடு விலகிவிட்டார். போன மாதம் இரண்டாம் வகுப்பில் வடிவ வரைதல் நடந்துகொண்டிருந்தபோது, மூத்தவர் எழுந்துபோய்ச் சின்னவரின் கையிலிருந்த சோக்கை வாங்கி, தானே பலகையில் வரைந்து காட்டினார். அன்று மதியம் சின்னவர் கழிவறைக்குள் போய் அழுதிருக்கிறார். வேறு மென்டர் தாருங்கள் என்கிறார். மூத்தவரோ, "நான் உள்ளதைத்தானே சொன்னேன், எங்களுக்கெல்லாம் யார் சொல்லித் தந்தது?" என்கிறார். இரண்டு பேரும் எனக்கு வேண்டும். மூத்தவர்களை மென்டராகப் பழக்குவது எப்படி? சின்னவர்களை நிரந்தரமாக்குவதற்கான அறிக்கையையும் இவர்களே எழுதலாமா? வருடத்தில் இரண்டு வாரம் வெளிநாட்டிலிருந்து ஒரு பயிற்றுநர் வருகிறார், அவரை எப்படிப் பயன்படுத்துவது?

– தெஹிவளை வாசகி

பதில்:

வணக்கம். அந்தச் சோக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் மூத்த டீச்சர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதே வேலையைச் செய்தவள். மென்டர் என்று பெயர் வாங்கிய முதல் வருடம், ஒன்றாம் வகுப்பில் காலைப் பாட்டு. இளம் டீச்சர் சுருதியைத் தன் குரலுக்கு வசதியாகக் கீழே எடுத்துவிட்டார். சின்னப் பிள்ளைகளின் குரல் மேலே மிதப்பது. அவ்வளவு கீழே இறங்கினால் பாட்டு பாதியில் பேச்சாகிவிடும். எனக்குப் பொறுக்கவில்லை. பின்னால் உட்கார்ந்தபடியே சரியான சுருதியில் பாடத் தொடங்கிவிட்டேன். மெதுவாகத்தான் பாடினேன். ஆனாலும் வகுப்பு முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. இருபது சோடிக் கண்கள். அந்த நிமிடத்தில் அந்த வகுப்பின் டீச்சர் நானாகிவிட்டேன். முன்னால் நின்றவருக்குத் தன் பிள்ளைகளை மறுபடி தன் பக்கம் திருப்ப இரண்டு கிழமை பிடித்தது. பாட்டு என்னவோ சரியாகத்தான் வந்தது.

வேறு பள்ளிகளில் இது ஒரு சங்கடமாக மட்டும் முடிந்துபோகலாம். வால்டோர்ஃப் முறையில் அதைவிடக் கனமானது. வகுப்பு டீச்சர் ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகளின் கையைப் பிடித்தால், முழுப் பள்ளியாக இருந்தால், எட்டாம் வகுப்பு வரை அவரே கொண்டுபோக வேண்டும். அந்த முறையே பிள்ளைக்கும் டீச்சருக்கும் இடையிலான நம்பிக்கைமீது நிற்கிறது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க அவர் கையிலிருந்து சோக்கை எடுத்தால், அந்த நம்பிக்கையையும் சேர்த்தே எடுத்ததாக ஆகிவிடும்.

"எங்களுக்கெல்லாம் யார் சொல்லித் தந்தது" என்ற கதையையும் பார்க்க வேண்டும். அந்தக் கேள்வியில் ஒரு வலி இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். இங்கே முதலில் தொடங்கியவர்களுக்கு உண்மையிலேயே யாரும் இருக்கவில்லை. ஆனால் அதையே ஒரு முறையாக்கிவிடக் கூடாது. 1919இல் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட்டில், வால்டோர்ஃப் அஸ்டோரியா சிகரெட் தொழிற்சாலையின் பணிப்பாளர் எமில் மோல்ட், தன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக முதல் பள்ளியைத் திறந்தபோது, அங்கே வந்த ஆசிரியர்களுக்கு ருடோல்ப் ஸ்டைனர் கொடுத்த பயிற்சி இரண்டு கிழமைதான். காலையில் விரிவுரை. பிற்பகலில் அவர்களே கதை சொல்லிப் பார்த்தார்கள், உச்சரிப்புப் பழகினார்கள், இப்படிப்பட்ட பிள்ளையை என்ன செய்வது என்று பேசினார்கள். செப்டம்பர் 7ஆம் தேதி பள்ளி திறந்துவிட்டது. இந்த இரண்டு கிழமைக் கதையை எல்லோரும் சொல்வார்கள், அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல மாட்டார்கள். சுவிட்சர்லாந்தின் டோர்னாக்கில் இருந்த ஸ்டைனர் 1924 வரைக்கும் திரும்பத் திரும்ப ஸ்டட்கார்ட்டுக்குப் போனார். வகுப்புகளுக்குள் போய்ப் பார்த்தார், ஆசிரியர் கூட்டங்களில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பேசினார். அந்தக் கூட்டங்களின் குறிப்புகள் இன்றைக்கும் இருக்கின்றன. ஆக, முதல் ஆசிரியர்களுக்கும் ஐந்து வருடம் பக்கத்தில் ஒருவர் இருந்தார். இதை உங்கள் மூத்தவரிடம் சொல்லுங்கள், வாதமாக இல்லாமல். "உங்களுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை அக்கா" என்ற தொனியில் சொன்னால் கேட்பார்.

சரி, பயிற்சிக்கு வருவோம்.

அனுபவசாலிக்கு உள்ள பெரிய சிக்கல், தான் என்ன செய்கிறோம் என்பது அவருக்கே தெரியாமல் போயிருப்பது. காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். புதியவருக்கு அது ஒரு சடங்கு. யாரோ சொன்னார்கள், செய்கிறார். பதினைந்து வருட டீச்சருக்கு அந்தக் கையிலேயே பாதி வேலை முடிந்துவிடும். இந்தக் கை குளிர்ந்து கிடக்கிறது, காலையில் சாப்பிடவில்லை போல. இது பிடிக்காமலே நழுவுகிறது, வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. இது என் விரலை நெரிக்கிறது, இவனை முதலில் கொஞ்சம் ஓட விட வேண்டும். இதையெல்லாம் பார்த்துவிட்டு, உள்ளே போனதும் பாட்டுக்குப் பதிலாகக் கைதட்டும் விளையாட்டில் தொடங்குவார். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால், "சும்மாதான்" என்பார். அந்தச் சும்மாவுக்குள் இருப்பதைத்தான் சின்னவருக்குக் கொடுக்க வேண்டும். தனக்கே தெரியாததை எப்படிக் கொடுப்பது?

அதனால் முதல் படி தலைகீழானது. மூத்தவர்களைச் சின்னவர்களின் வகுப்புக்கு அனுப்பாதீர்கள். சின்னவர்களை மூத்தவர்களின் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வையுங்கள், மூன்று காலை. பாராட்ட வேண்டாம், குறை சொல்லவும் வேண்டாம், கேள்வி மட்டும் எழுதி வரட்டும். "8.20க்கு ஏன் ஜன்னலை மூடினீர்கள்?" "அந்தப் பையன் பெயரைச் சொல்லாமல் அவன் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றது ஏன்?" மூத்தவர் பதில் தேட வேண்டியிருக்கும். தேடும்போது சிலவற்றுக்குப் பதில் கிடைக்காது, சிலது வெறும் பழக்கமென்று தெரியவரும். அதோடு, பின்னால் ஒருவர் கொப்பியும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தால் முதுகு எப்படிக் கூசும் என்பதும் அவருக்கு ஞாபகம் வரும். இந்த மூன்று காலைக்கு ஒத்துக்கொள்ளாதவர் இந்த வருடம் மென்டராக வேண்டாம். நல்ல டீச்சராகவே இருக்கட்டும், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

இரண்டாவது, பார்க்கப் பழகுவது. ஒரு கொப்பித் தாளின் நடுவில் கோடு போடச் சொல்லுங்கள். இடப்பக்கம் கண்ணால் கண்டது, காதால் கேட்டது. வலப்பக்கம் மனதில் பட்டது. எளிதாகத் தெரியும், செய்து பார்த்தால்தான் கஷ்டம் புரியும். நான் நடத்திய ஒரு பயிற்சியில் ஒருவர் இடப்பக்கத்தில் எழுதியது: "வகுப்பு குழப்பமாக இருந்தது." அது வலப்பக்கத்துக்கு உரியது என்றேன். அடித்துவிட்டு எழுதினார்: "பிள்ளைகள் கவனிக்கவில்லை." அதுவும் வலப்பக்கம்தான். மூன்றாம் முறை வந்தது: "9.10க்குப் பின்வரிசையில் மூன்று பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். டீச்சர் அப்போது பலகைக்குத் திரும்பி எழுதிக்கொண்டிருந்தார், நாலு நிமிடம்." இதைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். "குழப்பமாக இருந்தது" என்பதைக் கேட்டால் அழத்தான் முடியும்.

உங்கள் டீச்சர்மாருக்கு இது புதிய வித்தையும் இல்லை. வால்டோர்ஃப் பள்ளிகளில் பிள்ளையை அவதானிக்கும் வழக்கம் இருக்கிறதே. ஆசிரியர் கூட்டத்தில் ஒரு பிள்ளையை எடுத்து, அவன் எப்படி நடக்கிறான், எப்படிச் சாப்பிடுகிறான், பென்சிலை எப்படிப் பிடிக்கிறான், குரல் எப்படி என்று தீர்ப்புச் சொல்லாமல் அடுக்கிக்கொண்டே போவோம். மருந்து அப்புறம்தான். பிள்ளையிடம் காட்டும் அந்தப் பொறுமையைச் சக ஆசிரியரிடம் காட்டுவதுதான் மென்டரின் வேலையில் பாதி. ஒரு எச்சரிக்கை: அதற்காக இளம் டீச்சரையே கூட்டத்தில் எடுத்து வைத்து அவதானிக்கத் தொடங்கிவிடாதீர்கள். அப்படி ஒன்று நடந்ததைப் பார்த்திருக்கிறேன், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணை "மந்தக் குணம்" என்று, வால்டோர்ஃப் முறையில் பிள்ளைகளின் சுபாவத்தைப் பிரித்துப் பார்க்கும் நாலு குணங்களில் ஒன்றில் வகைப்படுத்திவிட்டார்கள். பிள்ளைகளுக்கே அந்த நாலு குணப் பிரிவை நாம் கவனமாகத்தான் கையாள வேண்டும். வளர்ந்த ஒருவரைப் பற்றி அப்படிப் பேசுவது வசைதான்.

மூன்றாவது பேச்சு. இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

பாடம் முடிந்ததும் வராந்தாவில் நின்றபடி சொல்லும் பழக்கத்தை நிறுத்துங்கள். மெயின் லெசனின், அதாவது காலையில் முதலில் எடுக்கும் நீண்ட பாடத்தின், நடையையே பாருங்கள். இன்றைக்குக் கதை சொல்கிறோம், அங்கேயே விட்டுவிடுகிறோம். இரவு தூங்கி எழுந்து நாளைக்குப் பிள்ளை தன் வாயால் அதைத் திருப்பிச் சொல்கிறது. பிறகுதான் கொப்பியில் ஏறுகிறது. ஒரு இரவு நடுவில் இருந்தால் விஷயம் படியும் என்று பிள்ளைகளுக்கு நம்புகிற நாம், பெரியவர்களுக்கு மட்டும் சூட்டோடு சூடாகக் கொட்டுகிறோம். பேச்சு மறுநாள் இருக்கட்டும். ஆனால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடவும் கூடாது, அந்த இரவு சின்னவருக்கு நரகமாகிவிடும். போகும்போது உண்மையான ஒரு வரி. "அந்தக் கிளிக் கதையில் நீங்கள் நிறுத்திய இடத்தில் எனக்கும் மூச்சு நின்றது." பொய்ப் பாராட்டு வேண்டாம், அது அவருக்குத் தெரிந்துவிடும்.

மறுநாள் ஒரு பிளேன்டியோடு உட்காருங்கள். முதலில் பேச வேண்டியது சின்னவர். மென்டர் கேட்கக்கூடிய மிக நல்ல கேள்வி, எனக்குத் தெரிந்தவரை இதுதான்: "நாளைக்கு இதே பாடத்தை இன்னொரு தடவை எடுக்கலாம் என்றால் எந்த இடத்தை மாற்றுவீர்கள்?" பத்தில் எட்டு முறை, மென்டர் கொப்பியில் குறித்து வைத்திருக்கும் அதே இடத்தைத்தான் அவர் சொல்வார். அப்போது மென்டருக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. பழகிய டீச்சருக்கு அது பெரிய ஏமாற்றம்! சொல்ல வைத்திருந்ததைச் சொல்லாமல் விழுங்கும் அந்தப் பழக்கத்துக்குத்தான் பயிற்சி வேண்டும். அடுத்து, ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயம். ஆறு குறை கண்டிருந்தாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அடுத்த இரண்டு கிழமைக்கு அதை மட்டும் பார்ப்பது. மற்ற ஐந்தில் மூன்று தானாகவே சரியாகிவிடும், ஏனென்றால் அவை அந்த ஒன்றிலிருந்து வந்தவை. உங்கள் இரண்டாம் வகுப்பு விவகாரத்தையே எடுங்கள். நடுவில் ஒரு கோடு, இடப்பக்கத்தில் டீச்சர் ஒரு வளைவு போடுகிறார், வலப்பக்கத்தில் அதன் கண்ணாடிப் பிம்பத்தைப் பிள்ளை போட வேண்டும். சின்னவரின் வளைவு கோணலாக வந்திருக்கலாம். ஆனால் கை கோணியதற்குக் காரணம் கையில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. முந்தைய நாள் மாலை அந்த வடிவத்தைப் பெரிய தாளில் பத்துத் தடவை போட்டுப் பழகினாரா? பிள்ளைகள் முதலில் அதைத் தரையில் நடந்து பார்த்தார்களா? வீட்டு வேலையால் தயாரிக்க நேரமே கிடைக்காமல் வந்தாரா? பேசியிருந்தால் தெரிந்திருக்கும். சோக்கை வாங்கியதால் தெரியவில்லை.

இதைப் பழக மும்மூன்று பேராக உட்காருங்கள். ஒருவர் தன் வகுப்பில் உண்மையிலேயே உள்ள ஒரு தொல்லையைச் சொல்கிறார், ஒருவர் மென்டராகக் கேட்கிறார், மூன்றாமவர் மென்டரை மட்டும் கவனிக்கிறார்: எத்தனை முறை குறுக்கே பேசினார், எத்தனையாவது நிமிடத்தில் "நான் என்றால்" என்று தொடங்கினார். உங்களிடம் மூத்தவர்கள் இரண்டு பேர்தான், மூன்றாமவர் நீங்கள். உங்கள் முறை வரும்போது உங்கள் தொல்லையைச் சொல்லுங்கள். இந்தக் கடிதமே போதும். "நான் என்றால்" பற்றி ஒன்று: அதை முற்றாகத் தடை செய்யச் சொல்லவில்லை. சின்னவர் கேட்டால் சொல்லலாம். தோற்ற கதையாக இருந்தால் இன்னும் நல்லது.

நம்மவர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. "சரி மிஸ்." கொழும்பில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு மூத்தவருக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை. "சரி மிஸ்" என்றால் கேட்டுக்கொண்டேன், விளங்கவில்லை, ஒத்துக்கொள்ளவில்லை, இந்தப் பேச்சு சீக்கிரம் முடியட்டும், எல்லாமே அதுதான். மேல்நாட்டுப் பயிற்றுநர்களின் கையேடுகளில் இதற்கு மருந்து கிடையாது, ஏனென்றால் அவர்களின் சின்னவர்கள் நேரே மறுத்துப் பேசுகிறார்கள். உங்கள் மென்டர்களுக்கு "சரி மிஸ்" காதில் விழுந்ததும் நிற்கப் பழக்குங்கள். அடுத்த கேள்வியாக "இதில் உங்கள் வகுப்புக்கு ஒத்துவராதது எது?" என்று கேட்கலாம். ஏதோ ஒன்று ஒத்துவராது என்று எடுத்துக்கொண்டே கேட்பதால், பதில் சொல்வது மரியாதைக் குறைவாகத் தெரியாது. நீ, நீங்கள் விஷயத்திலும் கொஞ்சம் கவனம். தங்கச்சி என்று அன்பாக அழைப்பது நல்லதுதான். ஆனால் பிள்ளைகள் காதுபட எப்போதும் மிஸ், எப்போதும் நீங்கள்.

பேசப்போகும் விஷயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூத்தவர்கள் அதிகமாகச் சறுக்கும் இடம் இது. "ஸ்டைனர் சொன்னார்" என்பது சில பள்ளிகளில் பிரம்பு மாதிரி. யாரும் திருப்பிக் கேட்க முடியாது. மென்டராக வருகிறவர், தான் சொல்வது இந்தக் கல்வியின் அடிப்படையா, ஒரு நாட்டின் வழக்கமா, தன் சொந்த விருப்பமா என்று பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். இரண்டாம் வகுப்பில் மிருகக் கதைகளும் நல்லவர்களின் சரிதைகளும் சொல்வது ஒரு காரணத்தோடு வந்தது. அந்த வயதுப் பிள்ளைக்குள் குறும்பும் மேன்மையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, இரண்டுக்கும் கதை வேண்டும். அது அடிப்படை. மிருகக் கதை என்றால் ஈசாப்தான் என்பது வழக்கம். பஞ்சதந்திரமும் ஜாதகக் கதைகளும் நம் வீட்டு வாசலிலேயே கிடக்க, தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் கலந்து உட்காரும் வகுப்பில் யாருடைய நல்லவர்களைச் சொல்வது என்று இளம் டீச்சர் யோசித்துக்கொண்டு வந்தால், அது மூத்தவரும் கூட உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி.

அந்தந்தப் பருவத்தைக் காட்டும் பொருள்களை வகுப்பில் அடுக்கி வைக்கும் பருவகால மேசை இன்னொன்று. ஒரு பாலர் வகுப்பில் அக்டோபர் மாதம் காகிதத்தில் வெட்டிய சிவப்பு இலைகள் பரப்பியிருந்ததைக் கண்டேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கொழும்பில் இலையுதிர்காலம் எங்கே இருக்கிறது? மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று, அப்புறம் அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை, இதுதானே நம் பருவம்? நவம்பரில் விளக்கு ஊர்வலம் போகிற ஐரோப்பிய வழக்கத்தின் உள்ளே இருக்கும் விஷயம், இருட்டுக்குள் ஒரு சின்ன வெளிச்சத்தை ஏந்துவது. நமக்கு மே மாதத்து வெசாக் கூடு இருக்கிறது, கார்த்திகை விளக்கீடு இருக்கிறது. இதைச் சொன்ன புதியவரைப் பார்த்து "நீ இன்னும் படிக்க வேண்டும்" என்று சொல்கிற மூத்தவர், அவரைத் தன்னைப்போலவே ஆக்கத்தான் பார்க்கிறார்.

அதேபோல, இங்கே பாலர் பள்ளி என்றாலே மொண்டிசோரி என்றுதான் பெயர். மரியா மொண்டிசோரி 1944இல் இலங்கைக்கே வந்து போனவர், அந்த வேர் ஆழமானது. உங்கள் புதியவர்களில் யாராவது மொண்டிசோரி டிப்ளோமாவோடு வந்திருக்கலாம். அங்கே ஒவ்வொரு உபகரணத்துக்கும் ஒரு நோக்கமும் ஒழுங்கும் உண்டு, இங்கே ஒரு துண்டுத் துணி காலையில் கடலாகவும் மதியம் குழந்தையாகவும் மாற வேண்டும். "அதையெல்லாம் மறந்துவிடுங்கள்" என்று சொல்லாதீர்கள். அமைதியாக அவதானிப்பது அந்தப் பயிற்சியில் நன்றாகப் பழக்கப்படுவது, மென்டருக்கே அதில் கற்றுக்கொள்ள இருக்கிறது.

பெற்றோர் கூட்டத்தையும் மறக்க வேண்டாம். "எப்ப எழுதப் பழக்குவீங்க?", "ஸ்கொலர்ஷிப்புக்கு என்ன செய்வீங்க?" என்று பத்துப் பேர் ஒன்றாகக் கேட்கும்போதுதான் புதிய டீச்சர் உடைகிறார், வகுப்பறையில் இல்லை. ஸ்கொலர்ஷிப் என்பது ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை, நீங்களும் ஐந்தாம் வகுப்பு வரை வந்துவிட்டீர்கள், அந்தக் கேள்வி இனிக் கூடும். முதல் வருடம் முழுக்கப் பெற்றோர் கூட்டத்தில் மென்டர் பக்கத்தில் உட்காரட்டும். பதில் சொல்ல வேண்டாம், உட்கார்ந்தால் போதும்.

இனி அறிக்கை. மென்டர் அறிக்கை எழுதக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. நிரந்தர நியமனம் யாருடைய பேனாவில் இருக்கிறதோ, அவரிடம் "எனக்கு நாலாம் பெருக்கல் வாய்பாட்டைத் தாளத்தோடு எடுக்கத் தெரியவில்லை" என்று யார் போய்ச் சொல்வார்? மதிப்பீட்டை நீங்களும் நிர்வாகக் குழுவில் ஒருவரும் செய்யுங்கள். முடிந்தால் வெளியிலிருந்து ஓர் அனுபவசாலியையும் கூப்பிடுங்கள். மென்டரிடமிருந்து உங்களுக்கு வர வேண்டிய தகவல் இவ்வளவுதான்: இந்தத் தவணையில் எத்தனை தடவை வகுப்புப் பார்த்தார், எத்தனை தடவை உட்கார்ந்து பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள், ஆசையாக இருந்தாலும். ஒரே விதிவிலக்கு பிள்ளையின் பாதுகாப்பு. கை நீட்டினார், பிள்ளையை அவமானப்படுத்தினார், தனியாக விட்டுவிட்டுப் போனார் என்றால் மென்டர் அன்றைக்கே உங்களிடம் சொல்ல வேண்டும். அதற்கு மேலான விஷயமென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. இந்த விதிவிலக்கைத் தொடக்கத்திலேயே மூவரும் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள், பிறகு யாரும் காட்டிக்கொடுத்ததாக ஆகாது.

நேரம் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதுதான் எனக்குக் கவலை. உங்கள் மூத்தவர்களுக்கும் காலையில் அதே நேரத்தில் மெயின் லெசன் இருக்குமே, சின்னவரின் வகுப்பைப் பார்க்க எப்போது வருகிறார்கள்? வடிவ வரைதல் நடந்த அன்று அவருடைய வகுப்பு யாரிடம் இருந்தது? தன் பிள்ளைகளை அரைமனதாக விட்டுவிட்டு ஓடி வந்தவருக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? நேரசூசியில் கிழமைக்கு இரண்டு பாடவேளை மென்டருக்கென்று ஒதுக்குங்கள், ஒன்று பார்க்க, ஒன்று பேச. அந்த நேரத்தில் ரிலீஃப் யார் என்று பெயர் எழுதி ஒட்டுங்கள். கைவேலை டீச்சரோ சங்கீத டீச்சரோ அந்த வகுப்பை எடுக்கலாம், நீங்களே எடுக்கலாம். ஒரு சிறு கொடுப்பனவும் வேண்டும். சேவை மனப்பான்மை என்று சொல்லி இதைத் தள்ளிப்போடும் பள்ளிகள் பின்னர் ஆட்களைத் தேடிக்கொண்டே இருக்கின்றன.

பயிற்சிக்கு ஒரு தவணை எடுங்கள், இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம். முதலில் மேலே சொன்ன மூன்று காலை, பிறகு இரண்டு பத்திக் கொப்பி, பிறகு மும்மூன்று பேச்சு. அந்தத் தவணை முழுக்க மென்டர் வேலையை நிறுத்தி வையுங்கள். சின்னவர்களைச் சும்மா விடுவதா என்று கேட்பீர்கள். அவர்கள் மூவரும் தங்களுக்குள் கிழமைக்கு ஒருமுறை உட்காரட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஒரு தவணை மென்டர் இல்லாமல் இருப்பது, இப்போதிருக்கும் நிலையைவிட நல்லது.

வெளியே தேடும்போது வீட்டையும் பாருங்கள். நம் தேசிய கல்வியியற் கல்லூரிகளில் மூன்று வருடப் படிப்பின் கடைசி வருடத்தைப் பாடசாலையிலேயே கட்டுறு பயில்வாக, அதாவது வகுப்பெடுத்துப் பழகும் பயிற்சியாகக் கழிக்கிறார்கள். அங்கே இளையவர்களைப் பொறுப்பெடுத்துப் பார்த்த ஆசிரியர்களும், ஆசிரிய ஆலோசகர்களாக வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கி ஓய்வு பெற்றவர்களும் கொழும்பில் எத்தனையோ பேர். வால்டோர்ஃப் அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பின்வரிசையில் உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பது தெரியும். ஒருவரை ஒரு மாலைப் பொழுதுக்குக் கூப்பிட்டுப் பேச வையுங்கள்.

வெளிநாட்டுப் பயிற்றுநரை எல்லோரும் பயன்படுத்துகிற மாதிரியே நீங்களும் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். வருகிறார், எல்லா வகுப்பையும் பார்க்கிறார், எல்லோருக்கும் ஏதாவது சொல்கிறார், விமானம் ஏறுகிறார். இந்த முறை அவரைச் சின்னவர்களின் வகுப்புக்கு அனுப்பாதீர்கள். உங்கள் மென்டர்கள் வகுப்புப் பார்க்கும்போதும், பிறகு சின்னவரோடு பேசும்போதும் அவர் ஓரமாக உட்காரட்டும். அவர் கருத்துச் சொல்ல வேண்டியது மென்டருக்கு. பேச்சு தமிழிலேயே நடக்கட்டும், அவருக்கு ஒருவர் காதில் மொழிபெயர்த்துச் சொல்லலாம். அவருக்காக ஆங்கிலத்துக்கு மாறினால், சின்னவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லக்கூடியதை மட்டும்தான் சொல்வார்.

கடைசியாக, வேறு மென்டர் கேட்டு அழுத அந்தச் சின்ன டீச்சரின் கோரிக்கை. மாற்றிக் கொடுங்கள். ஒருவரை ஒருவர் நம்பாத இடத்தில் மென்டர் உறவை இழுத்துக்கொண்டு போக முடியாது, மாற்றக் கேட்கும் உரிமை இரு பக்கத்துக்கும் வருடத்தில் ஒருமுறை இருக்கலாம், காரணம் சொல்லாமலே. ஆனால் மூத்தவருக்கு இது வேறு யார் வாயிலாகவும் போய்ச் சேரக் கூடாது. திங்கட்கிழமை ஆசிரியர் கூட்டத்துக்கு முன்னால் நீங்களே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். பெயரளவில் மென்டராக்கிவிட்டு ஒன்றும் சொல்லித் தராமல் விட்டது உங்கள் பக்கத்துப் பிழை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அவரே தன் வகுப்பில் முதலாவதாகப் பார்க்கப்பட ஒத்துக்கொண்டால், அந்த மூன்று காலையில் ஒன்றுக்கு அந்தச் சின்னவரையே கேட்டுப் பாருங்கள். வர மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம்.